காந்தத் துருவம் புரண்டால் உலகம் அழியுமா? திருவள்ளூர் களிமண் தரும் பதில்

2024 மே 10, 11 ஆகிய நாட்களில் வலிமையான சூரியப் புயல் ஒன்று பூமியைத் தாக்கியது. 2003-க்குப் பிறகு அந்த அளவுக்குக் கடுமையான காந்தப் புயல் வந்ததில்லை. துருவப் பகுதிகளில் மட்டுமே வழக்கமாகத் தெரியும் வண்ண ஒளி, நம் நாட்டில் லடாக்கின் ஹான்லே வானாய்வகக் கேமராக்களில் செந்நிறமாகப் பதிவானது. கும்மிடிப்பூண்டிக்குப் பக்கத்தில் உள்ள ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து 2023 செப்டம்பர் 2 அன்று ஏவப்பட்ட ஆதித்யா எல்-1 விண்கலமும் அந்தப் புயலின் தடயங்களைப் பதிவு செய்தது.

இது போன்ற செய்தி வரும் போதெல்லாம் நம் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு காணொளியும் கூடவே வந்துவிடுகிறது. பூமியின் காந்தப்புலம் வேகமாகக் குறைந்து வருகிறதாம். வடதுருவம் இடம்பெயர்ந்து ஓடுகிறதாம். சீக்கிரத்தில் வடக்கு தெற்காகவும் தெற்கு வடக்காகவும் புரண்டுவிடுமாம். சூரியன் மேற்கில் உதிக்கும் என்று ஹதீஸில் சொல்லப்பட்டிருப்பது இதைத்தானாம். ஆகவே மறுமையின் பெரிய அடையாளம் வாசலுக்கு வந்துவிட்டதாம்.

ஜும்ஆ முடிந்து வெளியே வரும் இளைஞர்கள் இதை உண்மையான கவலையோடு கேட்கிறார்கள். சிரித்துவிட்டுப் போகக்கூடிய விஷயமல்ல இது. காணொளியில் பாதி உண்மை இருக்கிறது. காந்தப்புலம் மாறுகிறது, துருவம் நகர்கிறது, பழங்காலத்தில் புரண்டும் இருக்கிறது. அந்தப் பாதி உண்மையின் மேல்தான் பொய் ஏறி உட்கார்ந்திருக்கிறது. எது எங்கே முடிந்து எது எங்கே தொடங்குகிறது என்று பிரித்துப் பார்ப்பது அவசியம். அதற்கான தெளிவான சான்று நம் திருவள்ளூர் மாவட்டத்து மண்ணிலேயே கிடைத்திருக்கிறது.

காந்தம் எங்கிருந்து வருகிறது?

நம் காலடியில் சுமார் 2,900 கிலோமீட்டர் ஆழத்தில் பூமியின் வெளிக்கரு தொடங்குகிறது. அங்கே இரும்பும் நிக்கலும் உருகிய நிலையில் உள்ளன.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஃபர்னஸிலோ ரோலிங் மில்லிலோ வேலை செய்யும் சகோதரர் இங்கே ஒரு கேள்வி கேட்கலாம். "ஸ்கிராப்பை அள்ளிப் போடும் காந்த கிரேனில் செக்கச் சிவந்த பில்லட் ஒட்டாதே! சூடான இரும்புக்கு ஏது காந்தம்?" நியாயமான கேள்வி. இரும்பு சுமார் 770 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் காந்தத் தன்மையை இழந்துவிடும். எனவே பூமியின் நடுவில் பெரிய காந்தக் கட்டி ஒன்று இருக்கிறது என்று நினைப்பது தவறு.

உள்ளே இருக்கும் உருகிய உலோகம் ஓடிக்கொண்டே இருக்கிறது. உள்ளிருந்து வெளியேறும் வெப்பம் அதைக் கொதிக்கும் உலைநீர் போலக் கிளறுகிறது. பூமியின் சுழற்சி அந்த ஓட்டத்தைத் திருகிவிடுகிறது. ஏற்கெனவே உள்ள காந்தப்புலத்துக்குள் மின்சாரத்தைக் கடத்தும் உலோகம் ஓடும்போது மின்னோட்டம் பிறக்கிறது. அந்த மின்னோட்டம் மீண்டும் காந்தப்புலத்தை உண்டாக்குகிறது. பழைய சைக்கிளில் சக்கரம் சுற்றச் சுற்ற விளக்கு எரியுமே, அந்த டைனமோவின் தத்துவத்துக்கு நெருங்கியது இது.

இதிலிருந்தே அடுத்த செய்தியும் விளங்கும். ஓடும் பொருளிலிருந்து பிறப்பதால் காந்தப்புலம் ஒரே மாதிரி நிற்காது. ஆற்றில் சுழிகள் இடம் மாறுவது போல அதுவும் மாறிக்கொண்டே இருக்கும்.

மாறுவது இன்று தொடங்கியதல்ல

லண்டனில் 1580-இல் திசைகாட்டி முள் உண்மையான வடக்கிலிருந்து கிழக்கே சுமார் 11 பாகை விலகி நின்றது. அதே ஊரில் 1820 வாக்கில் மேற்கே சுமார் 24 பாகை விலகியது. இன்று ஏறத்தாழ நேர் வடக்கைக் காட்டுகிறது. இரண்டரை நூற்றாண்டுக்குள் 35 பாகை ஆட்டம்! அந்தக் காலத்தில் வாட்ஸ்அப் இல்லாததால் யாரும் உலகம் முடிந்தது என்று அறிவிக்கவில்லை. மாலுமிகள் கடல் வரைபடத்தைத் திருத்திக்கொண்டு போனார்கள்.

வட காந்தத் துருவத்தை ஜேம்ஸ் கிளார்க் ராஸ் 1831-இல் கனடாவின் வடகோடியில் அடையாளம் கண்டார். அதன் பிறகு அது மெல்ல மெல்ல நகர்ந்து இப்போது சைபீரியாவை நோக்கிச் செல்கிறது. 1990-களுக்குப் பிறகு வேகம் கூடி ஆண்டுக்கு 50 கிலோமீட்டரையும் தாண்டியது. சமீப ஆண்டுகளில் அது சுமார் 35 கிலோமீட்டராகக் குறைந்துவிட்டது. காணொளி போடுபவர்கள் வேகம் கூடியதை மட்டும் சொல்வார்கள், குறைந்ததைச் சொல்ல மாட்டார்கள்.

கப்பல், விமானம், கைபேசி ஆகியவற்றின் திசைகாட்டிகள் சரியாக இயங்க 'உலகக் காந்த மாதிரி' என்ற கணக்கீட்டை ஐந்து ஆண்டுகளுக்கு ஒரு முறை வெளியிடுகிறார்கள். துருவம் எதிர்பார்த்ததைவிட வேகமாக நகர்ந்ததால் 2019-இல் தவணைக்கு முன்பே அதைத் திருத்த வேண்டி வந்தது. கடைசிப் பதிப்பு 2024 டிசம்பரில் வந்தது.

காந்தப்புலத்தின் சராசரி வலிமை கடந்த 200 ஆண்டுகளில் சுமார் 9 விழுக்காடு குறைந்திருப்பதும் உண்மை. தென் அமெரிக்காவுக்கும் தென் ஆப்பிரிக்காவுக்கும் இடைப்பட்ட பகுதியில் அது குறிப்பாக மெலிந்திருக்கிறது. அந்த வழியாகச் செல்லும்போது ஹப்பிள் தொலைநோக்கி தன் நுட்பமான கருவிகளை நிறுத்தி வைக்கிறது. ஐரோப்பாவின் 'ஸ்வார்ம்' செயற்கைக்கோள்கள் மூன்று, 2013 நவம்பர் முதல் இதையே வேலையாக வைத்து அளந்து வருகின்றன.

நம் நாட்டுக்கும் இதில் நீண்ட பங்கு உண்டு. மும்பை கொலாபாவில் 1841-இல் காந்த அளவீடு தொடங்கியது. பம்பாய்க்கு மின்சார டிராம் வரப்போகிறது என்றதும், அதன் மின்னோட்டம் நுட்பமான கருவிகளைக் கெடுத்துவிடும் என்பதால் 1904-இல் அலிபாகுக்கு ஆய்வகத்தை மாற்றினார்கள். இரண்டு இடங்களிலும் இரண்டு ஆண்டுகள் ஒரே நேரத்தில் அளந்து, கணக்கு அறுபடாமல் பார்த்துக்கொண்டார் அன்றைய இயக்குநர் நானாபாய் மூஸ். அதனால்தான் இந்தியாவிடம் ஒன்றே முக்கால் நூற்றாண்டுக்கும் மேலான தொடர்ச்சியான பதிவு இருக்கிறது. தமிழகத்தில் திருநெல்வேலிக்கு அருகே கிருஷ்ணாபுரத்தில், காந்த நிலநடுக்கோட்டை ஒட்டி, இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனத்தின் ஆய்வகம் இயங்குகிறது.

வலிமை குறைகிறது என்றால் உடனே புரளப் போகிறது என்று பொருளா? இல்லை. புரளாமலேயே பலமுறை அது குறைந்தும் கூடியும் இருக்கிறது. சுமார் 41,000 ஆண்டுகளுக்கு முன்பு இன்றைய அளவில் ஒரு சிறு பங்காகவே மெலிந்து, பிறகு மீண்டும் பழைய நிலைக்கு வந்தது. முழுமையாகப் புரள்வதற்கும் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் பிடிக்கும். ஒரு ராத்திரியில் தூங்கி எழும்போது வடக்கு தெற்காகியிருக்காது.

"லட்சக்கணக்கான ஆண்டுகளுக்கு முந்தைய காந்தத்தை இவர்கள் எப்படி அளந்தார்கள்?" என்று கேட்பது நல்ல கேள்வி. அதன் விடை பூண்டிக்குப் பக்கத்தில் இருக்கிறது.

அத்திரம்பாக்கத்துக் களிமண்

சென்னைக்கு வடமேற்கே சுமார் 60 கிலோமீட்டர் தொலைவில், கொசஸ்தலை ஆற்றுப் படுகையில் அத்திரம்பாக்கம் என்ற சிற்றூர் உள்ளது. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த ராபர்ட் புரூஸ் ஃபூட், 1863 மே மாதம் பல்லாவரத்தில் ஒரு கற்கருவியைக் கண்டெடுத்தார். அதே ஆண்டு செப்டம்பர் 28 அன்று, தன் சக அதிகாரி வில்லியம் கிங்குடன் சென்றபோது அத்திரம்பாக்கத்தில் மேலும் பல கருவிகளைக் கண்டார். இந்தியத் தொல்பழங்கால ஆய்வே அங்கிருந்துதான் தொடங்கியது எனலாம்.

கருவிகள் கிடைத்தன. ஆனால் அவை எந்தக் காலத்தவை என்று நூறு ஆண்டுகளுக்கும் மேலாக யாராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. 1999 முதல் சாந்தி பப்பு, குமார் அகிலேஷ் ஆகியோரின் குழு அங்கே அடுக்கடுக்காக அகழாய்வு செய்தது. பிரான்சு நாட்டு ஆய்வாளர்களும் சேர்ந்துகொண்டார்கள். முடிவு 2011 மார்ச் 25 அன்று 'சயின்ஸ்' இதழில் வெளிவந்தது. காலத்தைக் கணிக்க அவர்கள் இரண்டு வழிகளைக் கையாண்டார்கள். அவற்றுள் ஒன்று மண்ணில் பதிந்திருந்த காந்தம்.

நம் மாவட்டத்துச் செங்கல் சூளையை நினைத்துப் பாருங்கள். பச்சைக் கல்லில் இரும்புத் தாதுத் துகள்கள் உண்டு. சூளையின் சூட்டில் அவை தம் காந்தத்தை இழக்கும். ஆறும்போது, அந்த நாளில் பூமியின் காந்தம் எந்தத் திசையில் இருந்ததோ அதையே பிடித்துக்கொண்டு உறைந்துவிடும். ஒவ்வொரு செங்கல்லும் தன்னை அறியாமல் அந்த நாளின் திசையைக் குறித்து வைத்திருக்கிறது.

சுடாத மண்ணுக்கும் இப்படி ஒரு நினைவு உண்டு. ஆற்று வெள்ளத்தில் வந்த வண்டல் அமைதியாகப் படியும்போது, அதிலுள்ள நுண்ணிய இரும்புத் துகள்கள் சின்னஞ்சிறு திசைகாட்டி முட்கள் போலப் பூமியின் காந்தத்துக்கு ஏற்பத் திரும்பிப் படிகின்றன. மேலே அடுத்த அடுக்கு வந்து அமுக்கியதும் அவை அப்படியே நின்றுவிடுகின்றன. ஆய்வாளர்கள் அந்த மண்ணைச் சிறு கட்டிகளாக வெட்டுவார்கள். எடுப்பதற்கு முன்பே ஒவ்வொரு கட்டியிலும் வடக்கு எது, மேல்பக்கம் எது என்று குறித்துக்கொள்வார்கள். பிறகு ஆய்வகத்தில் அதன் காந்தத் திசையை அளப்பார்கள்.

அத்திரம்பாக்கத்தில் கற்கருவிகள் கிடைத்த மிகப் பழைய அடுக்குகளின் காந்தத் திசை இன்றைய திசைக்கு நேர் எதிராக இருந்தது. அந்த மண் படிந்த காலத்தில் ஒரு திசைகாட்டி இருந்திருந்தால், அதன் வடமுனை தெற்கைக் காட்டியிருக்கும்.

சுட்ட களிமண்ணில் இப்படித் தலைகீழான காந்தம் இருப்பதை 1906-இல் பிரான்சின் பெர்னார்ட் பிரூன் அறிவித்தார். ஜப்பானின் மோட்டோனோரி மாட்டுயாமா, பூமியின் காந்தமே ஒரு காலத்தில் புரண்டிருந்தது என்பதை 1929-இல் எடுத்துக்காட்டினார். கடலடிப் பாறைகளிலும் எரிமலைக் குழம்புகளிலும் உள்ள பதிவுகளைக் கொண்டு, எந்தக் காலத்தில் காந்தம் நேராக இருந்தது, எப்போது தலைகீழாக இருந்தது என்ற அட்டவணை இன்று தயாராக உள்ளது. கடந்த 8 கோடியே 30 லட்சம் ஆண்டுகளில் 183 முறை புரண்டிருக்கிறது. கடைசியாகப் புரண்டது சுமார் 7.8 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு.

இரண்டாவது வழி கருவிகளின் கல்லிலேயே இருந்தது. விண்ணிலிருந்து வரும் கதிர்கள் தரைமேல் கிடக்கும் கல்லின் குவார்ட்ஸில் பட்டு, அலுமினியம்-26, பெரிலியம்-10 என்ற இரு அணு வகைகளை உண்டாக்கும். கல் மண்ணுக்குள் ஆழமாகப் புதைந்ததும் புதிதாக உண்டாவது நின்றுவிடும். இருப்பவை வேறுவேறு வேகத்தில் அழியத் தொடங்கும். மிச்சமிருக்கும் விகிதத்தைப் பார்த்தால் புதைந்து எத்தனை காலம் ஆயிற்று என்று கணக்கிடலாம்.

இரண்டு சாட்சிகளும் ஒத்துப்போயின. அந்தக் கருவிகள் குறைந்தது 10.7 லட்சம் ஆண்டுகளுக்கு முந்தையவை. கற்களின் சராசரிக் கணக்கு சுமார் 15 லட்சம் ஆண்டுகள். தெற்காசியாவின் தொல்பழங்கால வரலாற்றையே திருத்தி எழுத வைத்தது இந்த முடிவு.

அந்தக் கருவிகளைச் செய்தவர்கள் யார், மார்க்கத்தின் பார்வையில் அவர்களை எப்படிப் புரிந்துகொள்வது என்பது தனியே பேச வேண்டிய பெரிய விஷயம். அங்கே அவர்களின் எலும்புகள் எதுவும் கிடைக்கவில்லை. இந்தக் கட்டுரைக்குத் தேவையானது ஒன்றுதான். நம் மாவட்டத்தில் கருவி செய்து வாழ்ந்தவர்களின் காலத்தில் காந்தம் தலைகீழாக இருந்தது. அவர்கள் காலத்துக்கும் நம் காலத்துக்கும் இடையில் அது குறைந்தது மூன்று முறை புரண்டிருக்கிறது. அதே அத்திரம்பாக்கத்தில் சுமார் 3.85 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு வேறு வகைக் கருவிகளுடன் மீண்டும் ஆட்கள் வாழ்ந்ததை, இதே குழு 2018-இல் 'நேச்சர்' இதழில் வெளியிட்டது. புரண்டது, உயிர்கள் தொடர்ந்தன, ஆறு ஓடியது, வண்டல் படிந்தது. காந்தம் புரண்டால் உலகம் அழியும் என்பதற்கு எதிரான சாட்சி நம் ஊர்க் களிமண்.

சூரியன் மேற்கில் உதிப்பதும் இதுவும் ஒன்றா?

ஒன்றல்ல. இதைத் தெளிவாகச் சொல்ல வேண்டிய கடமை ஆலிம்களுக்கு இருக்கிறது.

சூரியன் கிழக்கில் உதிப்பது போலத் தெரிவதற்குக் காரணம் பூமி மேற்கிலிருந்து கிழக்காகச் சுழல்வது. காந்த முள் எந்தப் பக்கம் காட்டுகிறது என்பதற்கும் அதற்கும் தொடர்பில்லை. காந்தம் புரண்டால் முள்தான் திரும்பும். பூமி அப்படியேதான் சுழலும். முன்பு 183 முறை புரண்டபோதும் சூரியன் ஒரு முறைகூட மேற்கில் உதித்ததில்லை. ஆக, காந்தம் புரள்வதுதான் ஹதீஸில் சொல்லப்பட்ட அடையாளம் என்று எவரேனும் சொன்னால், அந்த அடையாளம் ஏற்கெனவே பலமுறை நடந்து முடிந்துவிட்டது என்றாகிவிடும். இந்த முரண்பாட்டைக் காணொளிக்காரர்கள் யோசிப்பதில்லை.

மறுமை நாள் வரும் என்பது நம் ஈமான். அது எப்போது என்ற அறிவு அல்லாஹ்விடம் மட்டுமே உள்ளது என்பதும் அதே ஈமானின் பகுதி. அடையாளங்களை நம்புவது வேறு, ஒவ்வொரு அறிவியல் செய்தியையும் பிடித்து இழுத்து ஒரு அடையாளத்தோடு முடிச்சுப் போடுவது வேறு. முடிச்சு அவிழும்போது பழி காணொளி போட்டவர் மேல் விழாது. "பார், ஹதீஸ் பொய்யாகிவிட்டது" என்று சொல்ல ஒரு கூட்டம் காத்திருக்கிறது. கல்லூரியில் இயற்பியல் படிக்கும் நம் பிள்ளைதான் வகுப்பறையில் அந்தச் சங்கடத்தைத் தாங்க வேண்டியிருக்கும். செய்தி வந்தால் விசாரித்து உறுதிசெய்யச் சொல்லும் மார்க்கத்தில் இருந்துகொண்டு, ஆராயாமல் பரப்புவது எப்படி நன்மையாகும்?

அப்படியானால் ஆபத்தே இல்லையா?

இருக்கிறது. அது துருவம் புரள்வதிலிருந்து வருவதல்ல. 1989 மார்ச் 13 அன்று ஒரு சூரியப் புயல் கனடாவின் கியூபெக் மாகாணத்தின் மின்கட்டமைப்பைச் சாய்த்தது. சுமார் 60 லட்சம் பேர் ஒன்பது மணி நேரம் மின்சாரமின்றி இருந்தார்கள். காந்தப்புலம் திடீரென ஆடும்போது நீண்ட மின்தொடர்களில் வேண்டாத மின்னோட்டம் பாய்வதே காரணம்.

துருவங்களுக்கு அருகில் உள்ள நாடுகளுக்கு இந்த ஆபத்து அதிகம், நமக்குக் குறைவு. ஆனால் நமக்கென்று வேறொரு பாதிப்பு உண்டு. பூமியின் காந்த நிலநடுக்கோட்டுக்கு அருகில், சுமார் 100 கிலோமீட்டர் உயரத்தில், பகல் நேரத்தில் ஒரு பெரிய மின்னோட்டம் ஓடுகிறது. இந்த வட்டாரத்தின் மேல்வானம் அதனால் எப்போதும் அலைபாயும் இயல்புள்ளது. ஜிபிஎஸ் சிக்னல் அதன் வழியாகத்தான் வருகிறது. புயல் நாட்களில் அது தடுமாறலாம். பழவேற்காட்டில் படகேறும் மீனவர் முதல் காட்டுப்பள்ளித் துறைமுகத்துக்கு வரும் கப்பல் வரை எல்லோரும் ஜிபிஎஸ்ஸை நம்பி இருக்கும் காலத்தில் இது சின்ன விஷயமல்ல. திருநெல்வேலியில் நடக்கும் அளவீடும் ஆதித்யா எல்-1 அனுப்பும் தகவலும் நமக்குப் பயன்படுவது இங்கேதான்.

கிப்லாவும் இரும்பு ஷெட்டும்

காந்தத் துருவம் நகர்ந்தால் நம் கிப்லா மாறிவிடுமா என்பதும் அடிக்கடி கேட்கப்படுகிறது. கஃபா இருக்கும் இடம் மாறவில்லை, எனவே கிப்லாவும் மாறாது. திசைகாட்டி முள்ளுக்கும் உண்மையான வடக்குக்கும் உள்ள இடைவெளி மட்டுமே மாறும். கும்மிடிப்பூண்டியிலிருந்து கிப்லா நேர் மேற்கிலிருந்து வடக்கு நோக்கிச் சுமார் 18 பாகை தள்ளி உள்ளது. இயற்கையான காந்த விலகல் நம் பகுதியில் ஓரிரு பாகைக்குள்தான். தூரத்தில் இருப்பவர் கஃபாவின் திசையை நோக்கினாலே போதும் என்பது ஃபிக்ஹு அறிஞர்களில் பெரும்பாலோரின் கருத்து. கஃபாவையே குறிவைத்து நிற்க வேண்டும் என்று வலியுறுத்தும் ஷாஃபிஈ அறிஞர்களும் இயன்றவரை முயன்றால் போதும் என்கிறார்கள். ஆகவே இந்தச் சிறு விலகலை வைத்துப் பழைய பள்ளிவாசலின் மிஹ்ராபைக் குறித்துச் சண்டை போடத் தேவையில்லை.

உண்மையான பிரச்சினை தொழிற்சாலைக்குள் இருக்கிறது. சிப்காட் பகுதியில் பீகார், வங்காளம், உத்தரப் பிரதேசம் ஆகிய மாநிலங்களிலிருந்து வந்த சகோதரர்கள் ஷெட்டின் ஒரு மூலையில் துணி விரித்துத் தொழுகிறார்கள். கைபேசியைத் திறந்து கிப்லாவைத் தேடுகிறார்கள். ஒருவர் கைபேசி ஒரு பக்கம் காட்டும், பக்கத்தில் நிற்பவருடையது வேறு பக்கம் காட்டும். பத்தடி நகர்ந்தால் இரண்டும் மாறிவிடும். இரும்புத் தூண், கிரேன், மோட்டார், குவித்து வைத்த கம்பிக் கட்டு எல்லாம் சேர்ந்து பூமியின் மெல்லிய காந்தத்தை மூழ்கடித்துவிடுகின்றன. ஒரு டிராம் வண்டிக்காக ஆய்வகத்தையே கொலாபாவிலிருந்து அலிபாகுக்கு மாற்றினார்கள் என்றால், ஸ்டீல் மில்லுக்குள் கைபேசியின் முள் என்ன செய்யும்?

தீர்வு எளிது. வெட்டவெளியில் இரும்பிலிருந்து விலகி நின்று ஒரு முறை திசையைப் பார்த்துவிட்டு, ஷெட்டுக்குள் சுவரில் பெயிண்டால் நிரந்தரமாக ஓர் அம்புக்குறி போட்டுவிடலாம். காந்தமே வேண்டாம் என்றால் அதற்கும் வழி உண்டு. ஆண்டுதோறும் மே 28 அன்று இந்திய நேரம் பிற்பகல் 2.48-க்கும், ஜூலை 16 அன்று 2.57-க்கும் சூரியன் கஃபாவுக்கு நேர் மேலே நிற்கும். லீப் ஆண்டில் இது ஒரு நாள் முன்னதாக அமையும். அந்த நிமிடத்தில் ஒரு கம்பை நேராக நட்டு, நிழலின் நுனியிலிருந்து கம்பின் அடியை நோக்கினால் அதுதான் கிப்லா. யேமனின் சுல்தான் அல்அஷ்ரஃப் 13-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே கிப்லாவுக்குக் காந்த ஊசியைப் பயன்படுத்துவது பற்றி எழுதினார். அதே சமுதாயம்தான் நிழலை அளக்கவும் கற்றுக்கொடுத்தது. பழவேற்காட்டுப் பள்ளிவாசலில் உள்ள சூரியக் கடிகாரம் அதற்குச் சாட்சி. இரண்டு அறிவும் நம்முடையவைதான்.

லாரியில் ஏறும் சாட்சி

இனி நம் மாவட்டத்தின் முக்கியமான பிரச்சினைக்கு வருவோம். அத்திரம்பாக்கத்து மண் சாட்சி சொன்னதற்கு ஒரே காரணம், அது பத்து லட்சம் ஆண்டுகளுக்கும் மேலாகப் படிந்த இடத்திலேயே படிந்தபடி கிடந்ததுதான். ஆய்வாளர்கள் ஒவ்வொரு கட்டியிலும் வடக்கைக் குறித்துக்கொண்டு எடுத்தார்கள். குறிக்காமல் எடுத்த மண்கட்டி திசையைச் சொல்லாது. அடுக்கு கலைந்த மண்ணிலிருந்து காலத்தையும் கணிக்க முடியாது.

கொசஸ்தலை ஆற்றுப் படுகையில் அத்திரம்பாக்கம் மட்டும் இல்லை. வடமதுரை, பூண்டி, குடியம் என்று தொல்பழங்காலக் கருவிகள் கிடைத்த இடங்கள் பல உள்ளன. இன்னும் கண்டறியப்படாதவையும் இருக்கும். இதே மாவட்டத்தில்தான் மனை போடவும் சாலை போடவும் தொழிற்பேட்டைப் பள்ளத்தை மேடாக்கவும் சவுடு மண்ணும் கிராவலும் இரவு பகலாக லாரியில் ஏறுகின்றன. ஏரியைத் தூர்வாருகிறோம் என்ற பெயரில் அனுமதித்த ஆழத்துக்குக் கீழே தோண்டுகிறார்கள் என்ற புகார் ஊருக்கு ஊர் கேட்கிறது. நிலத்தடி நீர் போகிறது, கரை பலவீனமாகிறது, குழந்தைகள் குழியில் மூழ்குகிறார்கள் என்பதெல்லாம் நமக்குத் தெரிந்த இழப்புகள். தெரியாத இழப்பு ஒன்றும் உண்டு. ஜேசிபி ஒரு முறை அள்ளினால் ஆயிரக்கணக்கான ஆண்டுகளின் பதிவு ஒரே வாளியில் கலந்துவிடுகிறது. அதை மீண்டும் அடுக்க யாராலும் முடியாது.

தொழில் வேண்டாம் என்று சொல்லவில்லை. நம் ஜமாஅத்தில் பலருக்குச் சோறு போடுவது சிப்காட். மண் வேலையிலும் லாரித் தொழிலிலும் நம்மவர்கள் இருக்கிறார்கள். ஆனால் பூமி நமக்குச் சொந்தமல்ல, அமானிதம். அமானிதத்தை எடுத்துப் பயன்படுத்த வரம்பு உண்டு. எங்கே எடுக்கலாம், எவ்வளவு ஆழம் எடுக்கலாம், எந்த இடத்தைத் தொடவே கூடாது என்று கேட்பது மார்க்கத்துக்கும் சட்டத்துக்கும் உட்பட்ட நம் உரிமை.

அடுத்த கிராம சபைக் கூட்டத்தில் உங்கள் ஊர்க் குவாரியின் அனுமதி உத்தரவில் எவ்வளவு ஆழம் என்று எழுதியிருக்கிறது என்று கேளுங்கள். மண் எடுக்கும்போது வழக்கத்துக்கு மாறாகச் செதுக்கிய கற்கள் தென்பட்டால், எடுத்து வீட்டுக்குக் கொண்டு போகாமல், இருந்த இடத்திலேயே படம் பிடித்துத் தொல்லியல் துறைக்குத் தெரிவியுங்கள். மக்தப் பிள்ளைகளை ஒரு விடுமுறை நாளில் பூண்டிக்கு அழைத்துச் செல்லுங்கள். நீர்த்தேக்கத்துக்கு அருகே தமிழ்நாடு தொல்லியல் துறையின் அருங்காட்சியகம் இருக்கிறது. இந்த மண்ணிலிருந்து எடுத்த கருவிகளை அங்கே கண்ணால் பார்க்கலாம்.

துருவம் புரண்டு உலகம் அழியும் என்ற காணொளி அடுத்த சூரியப் புயலின்போது மறுபடியும் வரும். வரும்போது அதைப் பரப்பாமல், அத்திரம்பாக்கத்தைப் பற்றி நான்கு வரி எழுதி அனுப்புங்கள். பிள்ளைகளின் அச்சம் நீங்கும். அந்த மண்ணைக் காக்க வேண்டியதன் காரணமும் அவர்களுக்கு விளங்கும்.